பின்னால் நடந்த வண்டி மாடு

பருத்திப்பட்டு பரந்தாமன் ஆவடியில் வேதமுத்துவின் வீட்டுக்கு வந்தபோது, முதலில் வந்தது அவருடைய வண்டியின் பின்பக்கம். அடுத்து, துண்டால் முகத்தை மூடியபடி பரந்தாமன் வந்தார். அப்புறம் பாடிக்கொண்டே வண்டியோட்டி முனியன். கடைசியாகத்தான் மாட்டின் முகம் வந்தது. முனியன் பாட்டை முடித்தான், மாடு நின்றது. ஸ்டேஷனிலிருந்து வழிநெடுக இப்படித்தான் வந்தார்களாம். பின்னால் வந்த இரண்டு பேர், வண்டி தங்களைத் துரத்துகிறதென்று திருமழிசைவரை ஓடிவிட்டதாகக் கேள்வி.

வேதமுத்து ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா. சரக்கு விற்பனைச் சட்டம் வந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அதைப் பொழுதுபோக்குக்குப் படித்தவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவரே. அவருடைய தோழர் சைக்கிள் கடை லோகநாதனுக்கு எந்த வழக்கிலும் முதல் சந்தேகம் பேய்மேல்.

“இந்த மாட்ட சேக்காடு தசரதன்கிட்ட வாங்குனேன், குமாஸ்தா ஐயா” என்றார் பரந்தாமன். “ ‘எனக்கு வண்டி மாடு ஒண்ணுதான் வோணும்’னு கேட்டேன். ‘வண்டி மாடுதான், குணத்துல சாது’ன்னான். பாதி பணம், பாதிக்கு ஊட்டுப் பசு செவலையக் குடுத்தேன். நாலு நாளா என் பொஞ்சாதி கன்னியம்மா எங்கிட்ட பேசல.”

“தசரதன் என்ன சொல்கிறான்?”

“‘மாட்டுக்குக் கொஞ்சம் முரட்டு குணம் கீது, ஏதோ ஈடு தரேன் வாங்கிக்கோ’ன்றான். எனக்கு செவலதான் வோணும்.”

“ஏரிக்கரை முனிதான் அண்ணாத்தே இழுக்குது” என்றார் லோகநாதன்.

வேதமுத்து மாட்டைச் சுற்றி வந்தார். வலது விலாவில் மட்டும் ரோமம் தேய்ந்து தழும்பேறியிருந்தது. இடது விலா புதுச் சட்டைபோல் இருந்தது.

“எந்நேரமும் இப்படியா?”

“காலைல ஸ்டேஷனுக்குக் கத்திரிக்கா ஏத்திகினு போம்போது ஒழுங்காப் போவுது. திரும்பும்போதுதான் இப்டி.”

“முனியா, போகும்போது நீ என்ன செய்வாய்?”

“வெத்தல போட்டுகினு கம்முனு வருவேன், சாமி. தீர்ந்துபூட்டா தூக்கம் வராம இருக்கப் பாடுவேன்.”

“முனி பாடுதுன்னு நான் சொன்னேனே” என்றார் லோகநாதன். அப்படி அவர் சொல்லவேயில்லை.

அன்றே எல்லோரும் சேக்காட்டுக்குப் போனார்கள். முனியனின் வாயில் வெற்றிலை இருந்ததால் முன்பக்கமாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

“பொறந்ததுலேர்ந்து வண்டி மாடுதான் நைனா” என்றார் தசரதன். “குணம் ஒத்து வரலன்னா நான் இன்னா பண்றது?”

“சரி, நீயே வண்டியில் ஏறி உட்கார். முனியா, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பாடு.”

முனியன் பாடினான். மாடு பின்வாங்கியது. வாழைத் தோட்டத்தைத் தாண்டி, கிணற்றுச் சரிவில் பின்னாலேயே ஏறி, வண்டியின் வால் கிணற்று விளிம்பில் இடித்ததும் பழகிய வேலைக்காரன்போல் நின்றது. கீழே தண்ணீர் தெரிந்தது. தண்ணீர் மொள்ளும் சால் தொங்கவேண்டிய இடத்தில் தசரதன் தொங்கிக்கொண்டிருந்தார்.

“பாட்ட நிறுத்துடா முனியா.”

“இரு, சொல்லி முடிக்கிறேன்” என்றார் வேதமுத்து. “ஒற்றை மாட்டு வண்டி இழுத்த மாட்டுக்கு இரண்டு விலாவும் தேயும். இதற்கு ஒரு பக்கம்தான். ஜோடி மாட்டுக்கு நடுவில் கயிறு போய் ஒரு விலாவை மட்டும் உரசும் வேலை எது? கவலை கட்டிக் கிணற்று நீர் இறைப்பது. மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். சால் மறுபடி இறங்க, மாடு பின்னாலேயே நடந்து ஏறவேண்டும். ஏறும்போது ஆள் பாடுவான். குணம் கெட்ட மாடு இல்லை, பரந்தாமா. தொழில் தெரிந்த மாடு, தொழில்தான் வேறு.”

“அதனால இன்னா?” என்றது கிணற்று விளிம்பு.

“நிறைய. ‘சாது’ என்றது உத்தரவாதம். அது பொய்த்தால் மாட்டை வைத்துக்கொண்டு ஈடு கேட்கலாம், அவ்வளவுதான். ‘வண்டி மாடு’ என்றது நிபந்தனை. அதற்காகத்தான் இவன் வாங்கினான். அது பொய்த்தால் வியாபாரத்தையே திருப்பலாம். மாடு உனக்கு, பசு இவனுக்கு. அதனால்தானே எல்லாவற்றையும் குணத்தின் தலையில் கட்டினாய்?”

“நாலு நாள் ஓட்டிட்டானே, இனிமே எப்டித் திருப்புறது?”

“ஓட்டிப் பார்க்கத்தான் கொடுத்தாய். மாட்டு வியாபாரத்தில் அது வழக்கம். பாடிப் பார்க்க இன்றைக்குத்தான் முடிந்தது. முனியா, அடுத்த அடியைப் பாடு.”

“வாணாம். பணம், பசு ரெண்டையும் ஓட்டிகினு போவச் சொல்லு.”

மாலையில் செவலை பருத்திப்பட்டுக்கு வந்தது. கன்னியம்மாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பரந்தாமன் நிபந்தனை, உத்தரவாதம் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததுபோல் விளக்கினார். அவள் முழுவதும் கேட்டாள். நாலு நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

“செவலதான் நிபந்தனை, அது இல்லன்னா இந்தக் குடும்பமே செல்லாது. நீ ஒத்து வரலன்னா, ஏதோ ஈடு வாங்கிகினு வச்சிக்க வேண்டியதுதான். வா, சோறு ஆறுது.”