பள்ளத்தின் ஆழம்

பதினான்காம் இருக்கையில் பரிமளாவின் பள்ளம் நான்கைத் தாண்டவில்லை. வழக்கமாக ஒன்பது இருக்கும். மேற்பார்வையாளர் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை தொப்பியை மாற்றிப் பார்த்தார். கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

ஓசூருக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில் விமான எஞ்சின்களுக்கான தகடுகள் வார்க்கப்பட்டன. ஒவ்வொரு தகட்டின் படமும் அரை நொடி திரையில் வந்து மறையும். அதில் மயிரிழை விரிசல் இருந்தால் இயந்திரக் கண்ணுக்குத் தெரியாது. மனித மூளைக்குத் தெரியும், பார்ப்பவர் தான் பார்த்ததை உணர்வதற்கு முன்பே. தொப்பி போலத் தலையில் மாட்டிய பிழையுணரி என்ற கருவி அந்தச் சிலிர்ப்பைப் பிடித்துத் தகட்டை ஒதுக்கிவிடும். விரிசல் உண்டு என்று முன்பே தெரிந்த தகடுகளின் படங்களையும் இடையிடையே கலந்து காட்டுவார்கள். அதைத் தவறவிட்டால் காதுக்குள் ஒரு மென்மையான குரல் "தவறு" என்று சொல்லும். அதைக் கேட்ட கால் நொடிக்குள் மூளையின் மின்னோட்டம் ஒரு முறை சரிந்து எழும். அந்தச் சரிவைத்தான் பள்ளம் என்றார்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் அடுத்த முறை மூளை இன்னும் கூர்ந்து பார்க்கும்.

சாதாரண ஆட்களை உட்கார வைத்தபோது இரண்டே நாளில் "தவறு" அவர்களுக்கு வெறும் சத்தமாகிவிட்டது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆயிரமாவது முறையும் முதல் முறை போலவே குத்தியது. அதனால் அந்த வரிசையில் இருந்த நாற்பத்தொரு பெண்களும் நோயாளிகள். மறுவாழ்வுத் திட்டம் என்று அதற்குப் பெயர். வேலையும் உண்டு, மருந்தும் இலவசம். பத்திரிகைகள் பாராட்டி எழுதின.

பரிமளா ஆறு வருடமாக அங்கே இருந்தாள். ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறை அந்தச் சொல்லைக் கேட்பாள். வீட்டுக்குப் போனால் கணவன் "சட்னி கொஞ்சம் காரம்" என்பான். அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். மகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரைப் பார்க்கக் கூப்பிட்டால் போகமாட்டாள். என்ன சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மருந்து சாப்பிட்டும் இப்படித்தான் என்றால் தன் மூளை அவ்வளவுதான் என்று முடிவுகட்டியிருந்தாள்.

பிறகு படியில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. தர்மபுரியில் அக்கா வீட்டில் எட்டு வாரம் கிடந்தாள். தொழிற்சாலை கொடுத்த மாத்திரை முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட, அதே பெயர் அதே அளவு மாத்திரையை அக்கா மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்தாள். ஏழாவது வாரத்தில் ஒரு காலை, பரிமளா பார்த்துக்கொண்டிருந்த பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"கண்ணு எங்கடி இருந்துச்சு உனக்கு?" என்று அக்கா கத்தினாள்.

"விடுக்கா, இன்னொரு பாக்கெட் வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்து முடித்துத் துணியைப் பிழியும்போதுதான் தான் அழவில்லை என்பது உறைத்தது. பிழிந்த துணியோடு அங்கேயே நின்றாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள்தான் பள்ளம் நான்கில் நின்றது. அன்றைக்கே தொழிற்சாலை மருத்துவர் சாரங்கன் கூப்பிட்டு அனுப்பினார். பெண்களிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர்.

"கால் எப்படியிருக்கும்மா? உங்க வரைபடம் கொஞ்சம் தடுமாறுது. ஒண்ணும் பயமில்லை. வெளி மாத்திரையை நிறுத்திட்டு நம்ம மாத்திரைக்கே வந்துடுங்க. ரெண்டு மாசத்துல பழையபடி ஆயிடும்."

பரிமளா அவரைப் பார்த்தாள். "வெளியில வாங்கினேன்னு நான் சொல்லவே இல்லையே சார்."

சாரங்கன் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

அவள் தன் மாத்திரையையும் வரிசையில் இன்னும் ஐந்து பேரின் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு பெங்களூரில் ஓர் ஆய்வகத்துக்குப் போனாள். அட்டையில் எழுதியிருந்த மருந்தில் ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே இருந்தது. செத்துப்போகாத அளவுக்கு மருந்து, குணமாகிவிடாத அளவுக்கு நோய்.

முடிவுத் தாளைப் படித்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. இந்த ஆறு வருடத்தில் அவளுக்குத் துக்கம் வந்திருக்கிறது, வெட்கம் வந்திருக்கிறது. அடுத்தவர் மேல் கோபம் ஒருமுறைகூட வந்ததில்லை. எதற்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டவளுக்குக் கோபப்பட வேறு ஆள் தேவைப்படவில்லை. இப்போது ஆள் தெரிந்தது. பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை.

அவள் கொடுத்த புகாரின் பேரில் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. ஓய்வு பெற்ற நீதிபதி நூர்ஜஹான் அதன் ஆணையர். சாரங்கன் எதையும் மறுக்கவில்லை.

"குணமானா அவங்களுக்கு விரிசல் தெரியாதும்மா. இந்தப் பத்து வருஷத்துல எங்க எஞ்சின் வெச்ச ஒரு விமானம்கூட விழலை. அது கால் நொடிச் சரிவு. தாங்கக்கூடியதுதான்."

ஊரும் அவர் பக்கம்தான் பேசியது. நாற்பது பேர் அழுகிறார்கள் என்பதற்காக நாலு லட்சம் பேர் சாக வேண்டுமா என்று பரிமளாவின் கைபேசிக்கு முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். அவள் ஒவ்வொன்றையும் படித்தாள். சிலருக்குப் பதிலும் எழுதினாள், காரமாக.

நிறுவனம் ஒரு யோசனை சொன்னது. இனி ஒளிவுமறைவு இல்லை. குறைந்த மருந்து என்று அட்டையிலேயே போட்டுவிடுகிறோம், விருப்பமுள்ளவர்கள் கையெழுத்துப் போடட்டும். மறுநாளே முப்பத்தெட்டுப் பேர் போட்டார்கள். பரிமளாவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த ஜெசிந்தாவும் போட்டாள்.

"ஏன் ஜெசி?"

"இதுக்காவது உபயோகப்படறேனேக்கா. வேற எதுக்கு நான் லாயக்கு?"

பரிமளா அந்தப் படிவங்களை ஆணையரின் மேசைமேல் போட்டாள்.

"இதெல்லாம் அவங்க போட்ட கையெழுத்து இல்லைங்கம்மா, அவங்க நோய் போட்டது. நீ எதுக்கும் லாயக்கில்லைன்னு நாளெல்லாம் சொல்ற ஒண்ணுகிட்ட போய், இவளைக் குணப்படுத்தலாமா வேண்டாமான்னு கேட்டிருக்காங்க. முதல்ல எட்டு வாரம் முழு மருந்து குடுங்க. அப்புறம் கேளுங்க."

நூர்ஜஹான் அதை உத்தரவாகவே எழுதினார். இருக்கையில் உட்காரும் யாரும் தெளிந்த மனதோடு சம்மதிக்க வேண்டும். உட்கார்ந்தவர் எழுத்து மூலம் கேட்டால் உடனே விடுவிக்க வேண்டும். பெண்கள் சார்பில் பரிமளா கண்காணிப்பாளர்.

எட்டு வாரம் கழித்து நாற்பத்தொரு பேரிடமும் கேட்டார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஜெசிந்தா படிவத்தை நான்காகக் கிழித்து நிறுவன வழக்கறிஞரின் கையிலேயே கொடுத்தாள்.

இருநூறு எஞ்சின்கள் சோதனைக்குக் காத்துக் கிடந்தன. நூர்ஜஹான் மருத்துவர் பக்கம் திரும்பினார்.

"தாங்கக்கூடியதுன்னு நீங்கதானே சொன்னீங்க. உட்காருவீங்களா?"

அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரங்கனின் முகம் சிவந்தது. "உட்காருவேன்" என்றார்.

நோயில்லாதவருக்குப் பள்ளத்தை ஆழமாக்க அவரிடமே வழி இருந்தது. மனதைச் சோர்ந்துவிடாமல் வைக்கும் செரட்டோனின் மூளையில் சுரப்பதைக் குறைக்கும் ஒரு திரவம், தாழ்த்தி என்று பெயர். தினமும் காலையில் ஐம்பது மில்லி குடித்துவிட்டு அவர் பதினான்காம் இருக்கையில் உட்கார்ந்தார். முதல் வாரம் செவிலியரிடம் சிரித்துப் பேசினார். மூன்றாம் வாரம் யாரிடமும் பேசவில்லை. ஆறாம் வாரம் அவருடைய பள்ளம் பதினொன்று. அந்த வரிசை அதுவரை காணாத ஆழம் அது.

எட்டாம் வாரத்து முதல் நாள் பரிமளா படிவத்தோடு போனாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, சவரம் செய்யாத முகத்தோடு அவர் எழுந்து நின்றார். அவள் வந்ததற்கு எழுந்து நின்றார்.

"நிறுத்தணும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க டாக்டர். இன்னைக்கே நிறுத்திடலாம்."

"வேண்டாம்மா. எனக்கு இதுதான் சரி. நான் உங்களுக்கெல்லாம் செஞ்சதுக்கு இன்னும் வேணும்."

இதைக் கேட்கத்தான் அவள் இத்தனை மாதம் ஏங்கியிருந்தாள். இந்த மனிதன் தன் எதிரில் தலைகுனிந்து நிற்க வேண்டும், தன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். இப்போது நிற்கிறார், ஒத்துக்கொள்கிறார். கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் குரலில் இருந்தது ஜெசிந்தாவின் குரல். கணுக்கால் முறியும் வரை அவளுடைய குரலும் அதுதான். உட்காருகிறவர் தெளிந்திருக்க வேண்டும் என்று விதி செய்யச் சொன்னவள் அவள்தான். எழுந்திருக்கும் முடிவை யாரிடம் விடுவது என்று யோசிக்க மறந்துவிட்டாள். எழுதிக் கேட்டால் விடுவிக்கலாம் என்று உத்தரவு அந்த முடிவை விட்டுவைத்தது, இனி எழுதிக் கேட்கவே மாட்டாத இந்த மனிதனிடம்.

மேசைமேல் அன்றைய தாழ்த்திக் குப்பி இருந்தது. அதை எடுத்துப் போய்க் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். அலமாரியைத் திறந்து மீதி இருந்த குப்பிகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். கண்காணிப்பாளருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆணையம் கேட்டால் கேட்கட்டும்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?" என்று பின்னாலிருந்து சாரங்கன் கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

பரிமளா குழாயைத் திறந்து குப்பிகளைக் கழுவினாள்.

"பண்ணியிருக்கீங்க. ஆனா இப்ப சொல்லமாட்டேன். இப்ப நான் எதைச் சொன்னாலும் நீங்க ஒத்துக்குவீங்க. தெளிஞ்சப்புறம் கோர்ட்டுல எதிர்ல நின்னு சொல்றேன். அப்ப முடிஞ்சா மறுத்துப் பேசுங்க."