தர்ஸ்டன் வீட்டுப் பெண்

"ஏழு வயசுல புதைச்சவ, இருபது வயசுல எப்படிக் கல்யாணம் பண்ணிக்குவா, ஹெஸ்டர்?"

"உங்க குடும்பமாச்சே. செத்தும் பிடிவாதம் போயிருக்காது."

"கிண்டல் பண்ணாத. மூணு வருஷமா இந்த ஒருத்திகிட்டயே முட்டிக்கிட்டு நிக்கறேன்."

இது போன மாதம், சாப்பாட்டு மேசையில் நானும் என் கணவன் பியர்ஸும் பேசிக்கொண்டது. நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் சஃபக் வட்டாரத்தில் நிலமும் மாளிகையுமாக வாழ்ந்த தர்ஸ்டன் குடும்பம் அவனுடையது. அவன் தேடிய வம்சாவளி பெட்ரோனெல் என்ற பெண்ணிடம் வந்து சிக்கிக்கொண்டது. அந்தப் பெயர் மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. எங்கள் முதல் மகளுக்கும் அதையே வைத்தான். அவள் ஒரு வாரம்கூட இருக்கவில்லை.

இப்போது எனக்கு மறுபடியும் எட்டாம் மாதம். இதுவும் பெண். இவளுக்கும் அதே பெயர்தான் என்று அவன் முடிவு செய்துவிட்டான். அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவன் முகம் தெளிந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கூரை வேலைக்காகப் பலகை அடித்து மூடியிருந்த தர்ஸ்டன் குடும்பக் கல்லறையை ஊர்த் தேவாலயத்தில் இன்று மதியம்தான் திறந்தார்கள்; உடனே பார்க்கப் போனோம். வெளியே மழை. உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. கல்லில் செதுக்கிய தர்ஸ்டனும் மனைவியும் கைகூப்பிப் படுத்திருந்தார்கள். கீழே அவர்கள் பெற்ற பிள்ளைகள் பீடத்தைப் பார்த்து வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். பெற்றோருக்கு முன்பே இறந்த பிள்ளையின் கையில் மட்டும் ஒரு சின்ன மண்டையோடு.

பியர்ஸ் டார்ச் அடித்தான்.

"ஹெஸ்டர், இங்க வா! ரெண்டு பொண்ணுங்க!"

மண்டையோடு ஏந்திய சின்னவளின் கீழே பெட்ரோனெல் என்று செதுக்கியிருந்தது. அவளுக்கு அடுத்த, வளர்ந்த பெண்ணின் கீழேயும் பெட்ரோனெல்.

"மூத்தவ செத்ததும் அடுத்தவளுக்கு அதே பேரை வெச்சிருக்காங்க. சே! ரெண்டு பேரையும் ஒருத்தின்னு நெனச்சு மூணு வருஷத்தைப் பாழாக்கிட்டேனே!" சுவரில் ஓங்கிக் குத்தினான். பிறகு கையை உதறிக்கொண்டே சிரித்தான். "நாமளும் அதைத்தானே செய்யப் போறோம்."

கல்மேல் ஏதோ உரசியது.

சின்ன முழங்கால் நகர்வதுபோல.

"எலியா இருக்கும்," என்றான்.

டார்ச் வெளிச்சம் வரிசையின்மேல் ஓடியது. எல்லாப் பிள்ளைகளும் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தியைத் தவிர.

அவள் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டையோடு தரையில் கிடந்தது. வெறுங்கைகள் என் பக்கம் நீண்டிருந்தன.

உள்ளே உதைத்துக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று அடங்கியது.

பியர்ஸ் எதையும் கவனிக்கவில்லை. குனிந்து பெயர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெயர் வேண்டாம் என்று இப்போதாவது சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

சொற்கள் என் வாயிலிருந்துதான் வந்தன. குரல் என்னுடையதல்ல. ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"அப்பா, என் பேரை அவளுக்குக் குடுத்துடாதீங்க."