சுவருக்கு வெளியே புதைத்த பிள்ளை

தீர்த்தப் புட்டி மறுபடியும் காய்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மந்திரித்து வாங்கிவந்து மாதா படத்துக்குக் கீழே ஜெஸி வைத்தது. மூடி இறுகத்தான் இருந்தது. குற்றாலத்துச் சாரல் இலத்தூர் வரைக்கும் அடித்து, சுவரெல்லாம் ஓதம் ஏறி, சாடியில் உப்புக்கூடக் கசிகிற ஆனி மாதத்தில் அந்த ஒரு புட்டி மட்டும் எப்படிக் காயும்? பெஞ்சமின் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. எலியென்றால் மூடியைக் கடித்திருக்கும். பெண்டாட்டி ஜெஸியே குடித்திருப்பாளோ என்று நினைத்தார்.

அவள் சரியில்லைதான். புதுச் சாமியார் பூசை முடிந்து சிரித்துக்கொண்டே சொன்னதிலிருந்து சரியில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைகளுக்கு மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவே தனி இடம் என்பதெல்லாம் பழைய ஆட்கள் சொன்னது, திருச்சபை அதைச் சத்தியமாக அறிவித்ததே இல்லை, கவலைப்படாதீங்கம்மா என்றார்.

அறிவித்ததே இல்லையாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே கோயிலில் இருந்த சாமியார் அதைச் சொல்லித்தானே அவர்கள் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய மச்சான் பம்பாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார்கள். தலையில் தண்ணீர் விழுமுன் பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. மச்சான் வருமுன் காய்ச்சல் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. பேரில்லாத பிள்ளையைச் சுவருக்கு வெளியே, கள்ளிக்குப் பக்கத்தில், பெஞ்சமின்தான் குழி வெட்டிப் புதைத்தார். சிலுவை நடக்கூடாது என்றார்கள். நடவில்லை.

பூசையிலிருந்து திரும்பிய அன்று ஜெஸி ஒரே கேள்விதான் கேட்டாள்.

“அப்படி ஒரு எடமே இல்லைன்னா, இத்தன வருசமா எம்புள்ள எங்கன இருந்தா?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

இன்று பொழுது அடையும்போது கரண்ட் போனது. ஓட்டின் மேல் சாரல் பொடிப்பொடியாக விழுகிற சத்தம். அதற்கு அடியில் இன்னொரு சத்தம். உள்ளறை உத்திரத்துக் கொக்கி. பாரம் தொங்கினால்தான் அது முனகும். கிரீச். நின்றது. கிரீச்.

மெழுகுவர்த்தியோடு போனார். ஈர மண் வாசம். கள்ளிப்பால் வாசம்.

கல்யாணச் சேலையில் தொட்டில் கட்டியிருந்தாள் ஜெஸி. எட்டவே நின்றாள், கையில் செம்பு, காலடியில் தண்ணீர்க்குடம். தொட்டிலில் ஒன்றும் இல்லை. வெறும் துணி. ஆடிக்கொண்டிருந்தது.

“ஏட்டி, செத்ததுக்கு ஞானஸ்நானம் கெடையாது. கீழ வை.”

“அத யாரு சொன்னா? அந்தச் சாமியா, இந்தச் சாமியா?” அவள் திரும்பவில்லை. “தெனம் வந்து புட்டிய நக்கிட்டுப் போறா. தாகம், பாவம். பேரச் சொல்லுங்க. தகப்பன்தான் சொல்லணும்.”

ஒரு பேர் இருந்தது. குழி வெட்டும்போதும் அவர் நெஞ்சுக்குள் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

“பிலோமினா.”

கொக்கி நின்றது. கூப்பிட்ட குரலைக் கேட்டதுபோல.

ஜெஸி ஊற்றினாள். துணி கறுத்தது. பெஞ்சமின் குனிந்து தரையில் வெளிச்சம் பிடித்தார்.

ஒரு சொட்டு இல்லை.

அடுத்த செம்பு. தரை காய்ந்தே கிடந்தது.

சேலையின் அடியில் ஒரு மேடு. குதிகால் அளவு. மெல்ல நகர்ந்தது. அவர் பக்கமாக.

ஜெஸி குடத்தில் செம்பை முக்கினாள். “குடி, தாயி,” என்றாள்.

உள்ளே விழுங்குகிற சத்தம் கேட்டது.