டோலோரஸுக்குப் போ

இயந்திரத்தின் ஸ்பீக்கர் 'ஙொய்ங்' என்றதும் டோலோரஸ் நாற்காலியிலிருந்து எழுந்தாள். 'ட்ரூம்' என்றதும் உட்கார்ந்தாள். மதியம் தின்ற சாண்ட்விச் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று ஹார்லன் நினைத்தான். மற்றவர்களைப் பற்றி அவன் அதற்குமேல் நினைப்பதில்லை.

ஹார்ட்ஃபோர்டின் அந்தக் காப்பீட்டுக் கம்பெனியில், சூடான தூசியும் எண்ணெயும் மணக்கும் கணினி அறையில், நினைவகத்தின் இரண்டாயிரம் இடங்களில் எந்த எண்ணில் எந்தக் கட்டளையை வைத்தோம் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன். மனைவியின் பிறந்தநாளைத்தான் சொல்லமாட்டான். இப்போது அசெம்ப்ளர் என்று ஒன்று வந்திருந்தது. எண்ணுக்குப் பதில் ஒரு பெயரை எழுதினால் போதும், எங்கே வைப்பது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். இனி எல்லோரும் இப்படித்தான், பிடிக்காதவர்கள் வேறு வேலை தேடலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான்கு மணிக்கு அவர் வரும்போது இது உருப்படாது என்று காட்டவேண்டும்.

"நம்பர் ஞாபகம் நிக்காதவனுக்குத்தான் பேரு வேணும்," என்றிருந்தான் காலையில். "நாய்க்குட்டிக்கு வைக்கிற மாதிரி."

"வேலை போயிடும்னு பயம், அதான்," என்றாள் டோலோரஸ். அட்டைகளில் துளையிடும் க்ளைட் சிரித்தான்.

அந்த எரிச்சலில் இரண்டு இடங்களுக்கு அவர்கள் பெயரையே வைத்தான். டோலோரஸிலிருந்து க்ளைடுக்குப் போ. க்ளைடிலிருந்து டோலோரஸுக்குப் போ. பைத்தியம்போல் சுற்றட்டும் என்று மதியம் அதை ஓட்டிவிட்டான்; டோலோரஸுக்குப் போகும்போது ஒரு சத்தம், க்ளைடுக்குப் போகும்போது இன்னொன்று.

ஙொய்ங். டோலோரஸ் எழுந்தாள். ட்ரூம். அவள் உட்கார, க்ளைட் எழுந்தான்.

"என்னய்யா கூத்து இது?" என்றான் ஹார்லன்.

"எந்திரிச்சது நான் இல்ல, ஹார்லன்," என்றான் க்ளைட்.

சத்தங்கள் நெருங்கின. முழங்கால்கள் சடசடத்தன. டோலோரஸின் செருப்பு கழன்று ஓடியது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

ஹார்லன் இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். அமைதி.

இருவரும் பாதி எழுந்த நிலையில் நின்றார்கள். மூச்சில்லை. கண்கள் மட்டும் அசைந்தன.

விட்ட இடத்திலிருந்து ஓட்டவேண்டும். அதற்கு அந்த இடத்தின் எண் வேண்டும். வைத்தது அவனல்ல, அசெம்ப்ளர். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று அது பட்டியல் அச்சிட்டிருக்கும். சோம்பேறிகளுக்குத்தான் பட்டியல் என்று அச்சு இயந்திரத்தை அணைத்துவைத்ததும் அவன்தான்.

இயந்திரத்தின் குமிழ்களைக் குத்துமதிப்பாக ஒரு எண்ணுக்குத் திருகினான். ஓட்டினான்.

டோலோரஸின் வாய் திறந்தது. இன்னும் திறந்தது. நிற்கவில்லை.

நிறுத்தினான்.

வேறு எண்.

க்ளைடின் தலை மெதுவாகத் திரும்பியது. தோளைத் தாண்டியது.

நிறுத்தினான்.

வெளியே மேனேஜரின் காலடி. ஹார்லனின் விரல் அடுத்த எண்ணுக்குப் போனது. நான்கு கண்களும், வேண்டாம் வேண்டாம் என்று, இடமும் வலமும் அலைந்தன.