ஒற்றை முடிச்சு

உலகம்மை வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, "வேண்டாம் அண்ணாச்சி. திருட்டுப் பட்டம் வாங்குனவ வந்துட்டுப் போன பொறவு ஒங்க வீட்டுல ஒரு கரண்டி காணலன்னாலும் எம்பேருதான் வரும்" என்றாள்.

குற்றப்பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர் அனவரதம். தன் நாற்காலியை வாசல் முற்றத்துக்குத் தூக்கி வந்து போட்டு, அவளுக்கு ஒரு முக்காலியும் போட்டார். விஷயம் அவருக்கும் தெரியும். ஊர்க் கோவிலில் காத்திருந்த நாயகி என்று பேர் கொண்ட அம்மனின் தாலி காணாமல் போய்விட்டது. எடுத்தவள் உலகம்மைதான் என்று செண்பகநல்லூர் முழுக்கப் பேசி முடித்துவிட்டது.

அம்மன் எங்கள் ஊர்ப் பெண். சுவாமி அக்கரை மாப்பிள்ளை. கல்யாணத்தன்று ஆற்றில் வெள்ளம் வந்து, மாப்பிள்ளையின் தங்கை அக்கரையிலேயே மாட்டிக்கொண்டாளாம். முகூர்த்தம் தவறக்கூடாதென்று சுவாமி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டார். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியவை. வெள்ளம் வடிந்து அவள் வந்து சேரும்வரை அம்மன் ஒற்றை முடிச்சோடு மணையில் காத்திருந்தாள். இன்றைக்கும் திருக்கல்யாணத்தில் சுவாமிக்காகக் கோவில் அர்ச்சகர் கல்யாணசுந்தர பட்டர் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு விலகி நிற்பார். அக்கரையிலிருந்து நாத்தனார் முறைக்கு உலகம்மை சீரோடு வந்து மற்ற இரண்டையும் போடுவாள். அவள் படித்துறை ஏறும்போது எங்கள் பெண்கள் நாத்தனாரை வைது பாட்டுப் படிப்பார்கள். கருமி என்பார்கள், கைநீளம் என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வருவாள். பாட்டில் சொன்னதை ஊர் ஒருநாள் நிசமாகவே சொல்லும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

கல்யாணத்துக்கு முன்பு அக்கரை மருதாணி கொண்டுவருவது வழக்கம். அதைக் கொண்டுவந்த சாயங்காலம், பட்டர் நைவேத்தியம் எடுக்க மடைப்பள்ளிக்குப் போனபோது, உற்சவ அம்மன் பக்கத்தில் உலகம்மை தனியாக நின்றாள். மறுநாள் காலையில் தாலியைக் காணோம். அதற்குப் பதில் அம்மன் கழுத்தில் விரலி மஞ்சள் கோத்த மஞ்சள் கயிறு கிடந்தது. அம்மன் கழுத்தைத் தொடும் உரிமை இரண்டே பேருக்கு, பட்டருக்கும் நாத்தனாருக்கும். பட்டர்தான் பதறிப்போய்ச் சொன்னவர். அப்புறம் யார் மிச்சம்?

"போலீசுக்குப் போகாம விட்டதே பெரிய மனசுன்னு தர்மகர்த்தா சொல்லுதாரு. நாளைக்குக் கல்யாணம். ரெண்டு முடிச்சையும் வேற ஆளு போடட்டும்னு முடிவு பண்ணிட்டாவளாம்" என்றாள் உலகம்மை. "முடிச்சு போனாப் போவட்டும். எம்மவ நாளப்பின்ன ஒரு வீட்டுல வாழப் போணும்லா? திருடி மவன்னு சொல்லியா அனுப்ப?"

அவள் போன பிறகு அனவரதம் கோவிலுக்குக் கிளம்பினார். திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பால்துரையும் கூடவே வந்தான். ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பால்துரைக்குப் படம் பிடிப்பது பிழைப்பு, துப்பறிவது ஆசை. தாலியைத் தர்மகர்த்தாவே அமுக்கியிருப்பார் என்று கோவில் போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டான்.

அனவரதம் கும்பிட்டுவிட்டு அம்மன் முகத்தையே பார்த்தார். நெற்றியில் பொட்டு ஒரு பக்கம் கோணியிருந்தது. பட்டர் இட்ட பொட்டை நூல் பிடித்துப் பார்க்கலாம் என்பது ஊர்ப்பேச்சு. தீபாராதனையைப் பட்டரின் தம்பி மகன் காட்டினான். பட்டருக்குத் தோள்வலியாம், சித்திரையிலிருந்தே அப்படித்தானாம். திருநீறு கேட்டபோது பட்டர் தட்டைப் படிமேல் வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மேல்துண்டுக்குள் போன அவருடைய வலது கை வெளியே வரவேயில்லை.

பட்டரிடம் கேட்டுக்கொண்டு, பால்துரை வாசற்படியில் நின்றே லென்சை நீட்டி அம்மனின் பின்கழுத்தைப் படம் பிடித்தான். திரையில் பெரிதாக்கிக் காட்டினான். புதுக் கயிறு, புது மஞ்சள், இறுக்கமாக ஒரு முடிச்சு.

"இதுல என்ன இருக்கு அண்ணாச்சி?"

"நீ எத்தன கல்யாணம் படம் புடிச்சிருக்க? அதான் இருக்கு" என்றார் அனவரதம்.

மறுநாள் விடிந்ததும் கல்யாண மண்டபத்தில் ஆட்கள் கூடினார்கள். தர்மகர்த்தா சிதம்பரநாதன், அவர் மனைவி, பட்டர், ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர். உலகம்மை தூணோரம் நின்றாள். அவள் பக்கத்தில் நிற்க ஆளில்லை. அனவரதம் நடுவில் ஒரு குடத்தை வைத்தார். மஞ்சள் கயிற்றை எடுத்து, அம்மன் கழுத்தாக நினைத்துக் கட்டச் சொல்லி முதலில் தர்மகர்த்தாவின் மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் மளமளவென்று மூன்று முடிச்சுப் போட்டாள்.

அவிழ்த்து உலகம்மையிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மொத முடிச்சு எனக்கில்ல அண்ணாச்சி. அது விழாம நான் கயித்தத் தொடமாட்டேன். குடமானா என்ன, அம்மனானா என்ன."

பால்துரை வாயைப் பிளந்தான். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மன் கழுத்துல கெடக்கது ஒத்த முடிச்சு" என்றார் அனவரதம். "களவாங்க வந்தவன் கயிறு கெட்ட மாட்டான். வெறுங்கழுத்தா விடக்கூடாதுன்னு நெனச்சது அம்மன் மேல உசுரா இருக்க ஆளு. ஆனா நம்மள்ல யாரு கெட்டுனாலும் கை தன்னால மூணு போட்டுரும். ஒண்ணப் போட்டுட்டு நின்னுபோற கை இந்த ஊருல ஒண்ணுதான் இருக்கு."

தர்மகர்த்தா விடவில்லை. பழியைத் திருப்ப உலகம்மையே வேண்டுமென்று ஒரு முடிச்சோடு விட்டிருக்கலாமே என்றார்.

"அப்படி விட்டவ, இத்தன நாளு நீங்க வைதப்ப அதச் சொல்லித் தப்பிச்சிருப்பாள்லா? அவ வாயே தொறக்கலயே. கயித்த அவ பாக்கவே இல்ல."

அனவரதம் பேர் சொல்லவில்லை. பட்டர் பக்கம் திரும்பவுமில்லை. கயிற்றைக் குடத்தின் மேல் போட்டுவிட்டுத் தரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

கல்யாணசுந்தர பட்டர் தாமாகவே எழுந்து வந்தார். துண்டுக்குள்ளிருந்த கையை எல்லார் முன்னாலும் வெளியே எடுத்தார். அது காய்ச்சல்காரன் கைபோல ஆடிக்கொண்டிருந்தது. இடுப்பு மடியிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே தாலி இருந்தது.

"கல்யாணத்துக்காகப் புளி போட்டுத் தேய்க்கலாம்னு கழட்டினேன். கை நழுவி படியில விழுந்து வளையம் ஒடைஞ்சுடுத்து. அம்மன் தாலி ஒடைஞ்சதுன்னா ஊர் என்ன சொல்லும்? இந்தக் கையால இனிமே தொடாதேன்னு சொல்லும். பத்தவச்சு ஓசைப்படாம போட்டுடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள விடியக்காலம் தர்மகர்த்தா வந்து நின்னுட்டார். காணோம்னு வாயில வந்துடுத்து." தாலியைக் குடத்தின் பக்கத்தில் வைத்தார். "அப்புறம் எல்லாரும் அந்தப் பொண்ணைச் சொன்னா. நான் கேட்டுண்டு நின்னேன். கை ஆடினதுக்கு வெக்கப்பட்டேன். வாய் ஆடாம இருந்ததுக்கு வெக்கப்படலை."

மண்டபத்தில் இருந்தவர்களால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. தர்மகர்த்தா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உலகம்மையைத் தேடினார். தூணோரம் காலியாக இருந்தது. அவள் படித்துறை இறங்கி அக்கரைக்குப் போய்விட்டிருந்தாள்.

முகூர்த்தத்துக்குள் ஆசாரி வளையத்தைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். முதல் முடிச்சைத் தம்பி மகன் போடட்டும் என்று பட்டர் ஒதுங்கினார். தர்மகர்த்தா ஒத்துக்கொள்ளவில்லை. நடுங்கும் கையால் பட்டரே போட்டார். இறுகவே நேரம் பிடித்தது, அதுவரை மேளம் நிறுத்தாமல் வாசித்தார்கள். பிறகு அவர் விலகி நின்றார். அம்மன் கழுத்தில் ஒற்றை முடிச்சு. ஊரே படித்துறைக்கு வந்து அக்கரையைப் பார்த்து நின்றது. போய்க் கூப்பிட ஒருவருக்கும் முகமில்லை. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. கதையில் வந்த வெள்ளம்கூட இந்த அளவுக்கு அகலமாக இருந்திருக்காது.

வெயில் ஏறிய பிறகு அக்கரை மணலில் ஆட்கள் தெரிந்தார்கள். சீர்த்தட்டோடு உலகம்மை முன்னால் வந்தாள், பின்னால் அவள் மகள். படித்துறை நிறையப் பெண்கள் நின்றும் ஒரு சத்தம் இல்லை. கடைசிப் படியில் உலகம்மை நின்றாள். வழக்கமாக முதலடி எடுத்துக் கொடுக்கும் தர்மகர்த்தாவின் மனைவியைப் பார்த்தாள்.

"என்ன மதினி, இந்த வருசம் நாத்தனார வைய மாட்டியளா?"

அந்த அம்மாள் பாடத்தான் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மற்றவர்களும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வழி விட்டார்கள். உலகம்மை கொஞ்சநேரம் காத்துப் பார்த்தாள். பிறகு தானே உள்ளே போய் இரண்டு முடிச்சையும் போட்டாள்.