காணாமல் போன சுறுசுறுப்பு

கடையின் ஷட்டர் பாதி ஏறியபோதே பெரியவர் வாசலில் நின்றிருந்தார். கணினிப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மேசையில் வையுங்கள் என்று கடைக்காரம்மாவின் கொழுந்தன் சொன்ன பிறகும் அவருக்கு அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

கணினி பழுதுபார்க்கும் அந்தக் கடை அவனுடைய அண்ணியுடையது. தெருவே அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். கொழுந்தனுக்கோ நாற்பது வயது தாண்டியும் துப்பறியும் ஆசை தீரவில்லை. கெட்டுப்போன கீபோர்டு வந்தால்கூட அதில் ஒரு சதியை மோப்பம் பிடிப்பான்.

அவன் எழுதிக்கொடுத்த ரசீதைப் பெரியவர் வாங்கிப் பார்த்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, ‘கணிணி’யைக் ‘கணினி’ ஆக்கிய பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவராம். கொழுந்தனுக்கு முகம் சுண்டிப்போனது.

அவர் சொன்ன கதை இது. மனைவி போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நோயில் கிடந்த நாட்களில் அவள் கணினி முன்னால் உட்கார்ந்து, தோன்றியதையெல்லாம் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தாள். சாப்பிடும்போது அதில் ஒன்றைப் போட்டால்தான் இவருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கும். வீட்டில் கேட்கும் ஒரே குரல் அதுதான். போன வாரம் வந்த மகள், எந்நேரமும் இதையே கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி என்று சண்டை போட்டாள். கணினியில் அப்பாவுக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கை உண்டாக்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். அதன் பிறகு ஒருநாள் மனைவியின் கணக்கைத் திறந்தால், துடைத்துவைத்த மாதிரி எல்லாமே காலி.

“என் பொண்ணுதான் அழிச்சிட்டா,” என்றார் பெரியவர். “போன்ல கேட்டேன். நீயெல்லாம் ஒரு மனுஷியான்னு கேட்டுட்டேன். அதுக்கப்புறம் அவ எங்கிட்ட பேசறதில்ல.”

ஊருக்குப் போன அன்று மகள் அனுப்பிய செய்தியையும் காட்டினார். ‘வீட்டுக்குள்ளயே கிடக்காம சுருசுருப்பா வெளிய போய்ட்டு வாங்கப்பா.’ கொழுந்தன் அதை இரண்டு முறை படித்துவிட்டு அண்ணியைப் பார்த்தான். திட்டம் போட்டுச் செய்த வேலை என்று அவன் மனம் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டது.

அண்ணி கணினியை இயக்கினாள். திரையில் இரண்டு கணக்குகள் வந்தன: ‘அப்பா’, ‘சுருசுருப்பு’. இரண்டாவதைப் பற்றிக் கேட்டதும் பெரியவர் முகத்தில் லேசான சிரிப்பு. மனைவி ஆடி அசைந்துதான் எதையும் செய்வாளாம். கடைக்குக் கிளம்பவே அரை நாள் ஆகும். அதனால் அவர் வைத்த கேலிப்பெயர். அவளும் சளைக்காமல் அதையே தன் கணக்கின் பெயராகப் போட்டுக்கொண்டாளாம்.

அண்ணி சற்று நேரம் எதையெதையோ திறந்து பார்த்தாள்.

“எதுவும் அழியல,” என்றாள். “அழிஞ்சிருந்தா இடம் காலியாகியிருக்கும். அப்படியே நிறைஞ்சிருக்கு. இதோ பாருங்க, அவங்க பதிவெல்லாம் இருக்கற கோப்புறை. பேரை மட்டும் யாரோ மாத்தியிருக்காங்க. கணினி பழைய பேர்ல தேடுது. கிடைக்கலைன்னதும் தற்காலிகமா ஒரு காலி இடத்தைக் காட்டுது.”

“அந்தக் கணக்குல இருந்துக்கிட்டே அந்தப் பேரை மாத்த முடியாதே அண்ணி,” என்று கொழுந்தன் முன்னால் வந்தான். “வேற கணக்கு வேணும். அதை உண்டாக்கினது யாரு? மகதானே?”

“ஒளிச்சு வைக்க நினைக்கிறவங்க எழுத்துப்பிழையத் திருத்திட்டுப் போவாங்களா?”

அவன் திரையைக் குனிந்து பார்த்தான். கோப்புறையின் பெயர் ‘சுறுசுறுப்பு’ என்றிருந்தது.

“கணக்கு ஆரம்பிச்சப்ப அந்தம்மா சின்ன ‘ரு’ போட்டாங்க. கோப்புறைக்கும் அதே பேர்தான் இருந்திருக்கும்,” என்றாள் அண்ணி. “மக அனுப்புன செய்தியிலயும் சின்ன ‘ரு’தான். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே தப்பு. அவங்களுக்கு இது தப்புன்னே தெரியாது. பிழையப் பார்த்தா கை சும்மா இருக்காத ஆள் அந்த வீட்டுல ஒருத்தர்தான்.”

பெரியவர் தன் விரல்களைப் பார்த்தார்.

“ஒரு எழுத்துதானேம்மா,” என்றார். “திரையில வர்றத மாத்த எனக்குத் தெரியாது. புதுக் கணக்குல எதையோ தேடும்போது இது கண்ணுல பட்டுச்சு. அவளே இல்ல, அவ பேராவது சரியா இருக்கட்டும்னு...”

திருத்தியதை ஒரு செயலாகவே அவர் நினைத்திருக்கவில்லை. வாழ்க்கை முழுக்கத் திருத்தியவருக்கு எத்தனையை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்? மகளைக் கேட்ட கேள்வி மட்டும் இப்போது அவருக்கு ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது. கொழுந்தனுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தவறு செய்த ஆளைக் கண்டுபிடித்தால் இவ்வளவு வலிக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

புதுப் பெயரைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கலாம், அல்லது பழைய பெயரையே திருப்பி வைக்கலாம், எது வேண்டும் என்று அண்ணி கேட்டாள்.

“அவ எழுதினபடியே இருக்கட்டும்,” என்றார்.

அண்ணி பிழையைப் பிழையாகவே எழுதினாள். கணினி தனக்குள் போட்டுவைத்திருந்த தற்காலிக ஏற்பாட்டையும் நீக்கிவிட்டு மறுபடி இயக்கினாள். திரை முழுக்கக் கோப்புகள் வந்து நிறைந்தன. கொழுந்தன் ஸ்பீக்கரை இழுத்துவைத்தான். ஆனால் பெரியவர் கைபேசியைத்தான் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மகள் எடுத்தாள்.

“நான்தாம்மா மாத்தினேன்,” என்றார் பெரியவர். “நீ ஒண்ணும் பண்ணல. உன்னைப் போய் அப்படிக் கேட்டுட்டேன்.”

மறுமுனையில் மகளின் குரல் கடையில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

“அம்மா குரல் வருதாப்பா?”

“வருதும்மா.”

“எனக்கும் போடுங்க. கேட்டா தாங்கமாட்டேன்னுதான் உங்ககிட்ட சண்டை போட்டேன்.”

பெரியவர் ஒரு கோப்பைத் திறந்து கைபேசியை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார். கொழுந்தன் ஒலியைக் கூட்டினான். அவசரமே தெரியாத ஒரு குரல் மெல்ல வந்தது. மழை வருகிற மாதிரி இருக்கிறது, காய்ந்த துணியெல்லாம் எடுத்தாச்சா என்று கேட்டது.

“எடுத்தாச்சும்மா,” என்றாள் மகள்.