பதினோரு தக்காளி

திங்கள், காலை 6.50. திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் பசுமைக்குடில். சனி, ஞாயிறு சித்தூரில் இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்த ஆராய்ச்சி மாணவி நளினி கதவைத் திறந்தாள். பூட்டு சரியாகத்தான் இருந்தது. வாடல் நோயைத் தாங்கும் தக்காளிக்காக அவள் மூன்று வருடம் உழைத்து உண்டாக்கிய கலப்புக் காய்கள் பதினொன்றையும், கட்டியிருந்த லேபிளோடு காணோம்.

9.15. எஸ்.ஐ. தாட்சாயணி வந்தபோது குற்றவாளியை ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். பலமனேர் விதை வயல்களில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த தோட்டக்காரர் கன்னையா. நளினியின் பூக்களுக்கு மகரந்தம் தடவியவரே அவர்தான். அவரைக் காலையிலிருந்து வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். துறைத்தலைவர் நாகபூஷணத்தின் கையில் வேலைநீக்கக் கடிதம் தயார். படித்தவர்களுக்கு எப்போதும் அவசரம்.

சாவி மூன்று பேரிடம். நளினி, கன்னையா, பிறகு பொதுமக்கள் வந்து பார்க்கும் கண்ணாடிச் செடிக்கூடத்தைக் கவனிக்கும் சுதீர். நளினியும் சுதீரும் ஒரே பதவிக்கு மனு போட்டவர்கள்.

தாட்சாயணி செடிகளைச் சுற்றி வந்தார். இன்னும் நிறையக் காய்கள் தொங்கின. ஒவ்வொன்றின் காம்படியிலும் ஐந்து பச்சை இதழ்கள். சிலவற்றில் மட்டும் மூன்றே இருந்தன. மற்ற இரண்டையும் யாரோ நேராகக் கத்தரித்திருந்தார்கள். அவற்றை எண்ணிக்கொண்டார்.

9.40. "நேத்து எங்க இருந்தீங்க?"

"செடிக்கூடத்துல. ஞாயித்துக்கிழமை கூட்டம் மேடம்," என்றான் சுதீர்.

"இங்க வரலையா?"

"எனக்கு இங்க என்ன வேலை?"

அடுத்து கன்னையா.

"லேபிள் கட்டனது யாரு?"

"நளினி மேடம். சனிக்கெழம செடிய தூக்கிக் கட்டிக்கினு இருந்தேன், ஈரத்துல எல்லாம் உதிர்ந்துட்ச்சி. தூக்கிப் போட மனசு வரல. கைக்கு எட்ன காயில மாட்டி உட்டேன்."

நளினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

10.05. தாட்சாயணி எல்லோரையும் உள்ளே அழைத்தார்.

"விதை வயல்ல நான் பார்த்திருக்கேன், மகரந்தம் தடவின பூவுல ரெண்டு பச்சை இதழ வெட்டி உடுவாங்க. லேபிள் போனாலும் அடையாளம் போகாது. கன்னையா இங்கயும் அதே பழக்கத்துல வெட்டியிருக்காரு. அந்தக் காய் பதினொண்ணும் செடியிலயே இருக்கு. திருடனவன் லேபிள நம்பி வெறும் காயப் பறிச்சிருக்கான். கன்னையா கைக்கு அந்தத் தப்பு வராது. நளினி ரெண்டு நாளா சித்தூர்ல இருந்தாங்க. மிச்சம் ஒரே சாவி, சுதீர்."

 சுதீரின் அலுவலக ஃப்ரிட்ஜில் பதினோரு தக்காளியும் கிடைத்தன.

நாகபூஷணம் கடிதத்தைக் கிழித்தார். நளினிக்கு வெட்கமாக இருந்தது.

"நானும் உங்களத்தான் சந்தேகப்பட்டேன் கன்னையா."

"தெரியும் மேடம். எந்தக் காய் போச்சின்னு ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருந்தா, வாசல்லயே சொல்லியிருப்பேன்."